கொழும்பு மியூசியத்தில் இடைக்காலம்: எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது?

கேட்டவர் வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு அம்மா. தரம் 8இலும் தரம் 10இலும் படிக்கும் இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு விடுமுறையில் கொழும்பு தேசிய நூதனசாலைக்குப் போக நினைக்கிறார். பாடசாலையோடு போனபோது எல்லாக் கூடத்தையும் ஓட்டமாய் ஓடிப் பார்த்தார்களாம், ஒன்றும் மனதில் நிற்கவில்லையாம். இந்த முறை இடைக்காலக் கலையையும் வரலாற்றையும் மட்டும் பார்ப்பதென்றால் எதைப் பார்ப்பது, எங்கள் ஆட்களுடைய வரலாறு அங்கே ஏதாவது இருக்கிறதா என்பது அவருடைய கேள்வி.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். இருக்கிறது. ஏதோ ஒரு மூலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் என்று நினைக்காதீர்கள். பொலன்னறுவைக் காலத்தின் ஆகச் சிறந்த கலைப்பொருள்கள் எவை என்று யாரைக் கேட்டாலும் அங்கேயுள்ள சிவன் கோயில் வெண்கலங்களைச் சொல்லாமல் விடமாட்டார்கள். இலங்கையின் இடைக்காலத்தைப் பற்றிப் பேசும் கல்வெட்டுகளில் உலகம் முழுக்கப் பெயர் பெற்ற ஒரு கல்லில் தமிழ் இருக்கிறது. தமிழை எடுத்துவிட்டு இந்தக் காலத்தின் கதையைச் சொல்ல முடியாது, சிங்களத்தை எடுத்துவிட்டும் சொல்ல முடியாது. இரண்டும் எப்படிப் பின்னிக் கிடந்தன என்பதைப் பிள்ளைகள் தங்கள் கண்ணாலேயே பார்க்கக்கூடிய இடம் அது. பாடப்புத்தகத்தில் படையெடுப்பும் முறியடிப்பும்தான் முன்னுக்கு நிற்கும். பொருள்களுக்கு முன்னால் போய் நின்றால் வேறு ஒரு காலம் தெரியும்.

எல்லாவற்றையும் பார்க்க நினைக்காதீர்கள். கற்காலக் கருவி, முகமூடி, விவசாயக் கருவி, துணி, ஓடம் என்று அந்தக் கட்டடத்தில் நாள் முழுக்கச் சுற்றலாம். இந்த முறை அவற்றை விட்டுவிடுங்கள். இடைக்காலம் என்றால் எங்கள் நாட்டுக்கு ஏறக்குறைய 11ஆம் நூற்றாண்டிலிருந்து 16ஆம் நூற்றாண்டு வரை என்று வைத்துக்கொள்ளலாம். பொலன்னறுவை, தம்பதெனிய, யாப்பகூவ, குருணாகல், கம்பளை, கோட்டை, வடக்கே யாழ்ப்பாண இராச்சியம். அதற்குச் சற்று முன்னும் பின்னும் ஒன்றிரண்டு பொருள்களைச் சேர்த்தால் போதும். ஐந்தாறு பொருள்களுக்கு முன்னால் நன்றாக நின்று பார்த்துவிட்டு வந்தாலே அது நல்ல நாள்.

காலை 9 மணிக்குத் திறப்பார்கள், அந்த நேரத்துக்கே போய்விடுங்கள். வெயில் ஏறினால் பாடசாலைப் பிள்ளைகள் வரிசையாக வந்துவிடுவார்கள், நின்று பார்க்க முடியாது. வெள்ளவத்தையிலிருந்து காலி வீதியில் பஸ் பிடித்துக் கொள்ளுப்பிட்டியில் இறங்கி ஓட்டோ எடுக்கலாம். பொது விடுமுறை நாட்களில் மூடியிருக்கலாம், சில கூடங்கள் திருத்த வேலைக்காக அடைபட்டிருப்பதும் உண்டு. போகுமுன் ஒருமுறை தொலைபேசியில் விசாரித்துவிடுங்கள். பொருள்களை ஒரு கூடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதும் நடக்கும், அதனால் கூடத்தின் இலக்கத்தைச் சொல்லி உங்களைக் குழப்பாமல் பொருளின் பெயரையே சொல்கிறேன். காணவில்லை என்றால் காவலர்களைக் கேளுங்கள், கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்கள்.

உள்ளே போகுமுன் கட்டடத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. 1877 ஜனவரி 1ஆம் திகதி திறக்கப்பட்டது. தேசாதிபதி வில்லியம் கிரெகரி தொடங்கி வைத்தார், அவருடைய சிலை இன்னும் முன்னால் நிற்கிறது. வரைபடம் போட்டவர் ஜேம்ஸ் ஸ்மிதர், கட்டிக் கொடுத்தவர் வாப்பிச்சி மரிக்கார். வேலை முடிந்ததும் என்ன வெகுமதி வேண்டும் என்று கேட்டதற்கு, வெள்ளிக்கிழமை தொழுகை நாள், அன்று மியூசியத்தை மூடவேண்டும் என்று மரிக்கார் கேட்டாராம், அப்படியே நெடுங்காலம் நடந்ததாம் என்று சொல்வார்கள். இந்தக் கதையைப் பிள்ளைகளுக்கு அந்தப் பெரிய ஆலமரத்தடியில் நின்றபடி சொல்லலாம். வாசலைக் கடந்ததும் தொலுவில புத்தர் தியானத்தில் இருப்பார். அவர் அனுராதபுரக் காலத்தவர், நம் கணக்குக்கு முந்தியவர். ஆனாலும் ஒரு நிமிடம் நில்லுங்கள். கல்லில் இவ்வளவு அமைதியைக் கொண்டுவரக்கூடிய ஒரு மரபு இந்த மண்ணில் முன்பே இருந்தது என்பதைப் பார்த்துவிட்டுப் போனால்தான் பின்னால் வருவதன் அருமை தெரியும்.

அப்படியே வெஹெரகலவில் 1968இல் கிடைத்த அவலோகிதேசுவரரையும் பார்த்துவிடுங்கள். பொன் பூசிய வெண்கலம், 8 அல்லது 9ஆம் நூற்றாண்டு, அரை மீட்டர் உயரம் இருக்கும். ஒரு கையை ஊன்றி, உடலைத் தளர விட்டு உட்கார்ந்திருக்கும் அந்தப் போதிசத்துவர், இலங்கையில் மகாயான பௌத்தம் எவ்வளவு ஊன்றியிருந்தது என்பதற்குச் சாட்சி. கிழக்குக் கரையில், திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் கிடைத்த தாரா சிலையும் ஏறக்குறைய அந்தக் காலத்ததுதான். ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவு, பொன் பூசியது. தேசாதிபதி பிரவுன்றிக் அதைக் கொண்டுபோய், 1830இல் பிரித்தானிய நூதனசாலைக்குக் கொடுத்துவிட்டார். இன்றும் அது இலண்டனில்தான் இருக்கிறது. இங்கே இருக்கவேண்டிய ஒன்று இங்கே இல்லை என்பதும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறுதான்.

சரி, இனிப் பொலன்னறுவை. உங்கள் காலைப் பொழுதில் பாதியை இதற்கே கொடுங்கள்.

கதை சுருக்கமாக இதுதான். 993 அளவில் இராசராச சோழனின் படை அனுராதபுரத்தைப் பிடித்தது. 1017இல் இராசேந்திரன் காலத்தில் ஐந்தாம் மகிந்த மன்னன் சிறைப்பட்டான். சோழர் தலைநகரைப் பொலன்னறுவைக்கு மாற்றி அதற்கு ஜனநாதமங்கலம் என்று பெயர் வைத்தார்கள். 1070இல் முதலாம் விஜயபாகு அவர்களைத் துரத்தினான். ஆனால் தலைநகர் பொலன்னறுவையிலேயே இருந்தது. சிவன் கோயில்களும் இருந்தன. இந்த இடத்தைத்தான் பாடப்புத்தகம் வேகமாகக் கடந்துவிடும். சோழரைத் துரத்திய அதே விஜயபாகுவின் பெயரால் கந்தளாயில் விஜயராஜ ஈஸ்வரம் என்ற சிவன் கோயில் இருந்ததைத் தமிழ்க் கல்வெட்டொன்று சொல்கிறது. அவன் ஆட்சியை அடுத்த காலத்தில், தந்ததாதுக் கோயிலை, அதாவது புத்தரின் பல் வைத்திருந்த கோயிலைக், காக்கும் பொறுப்பைத் தமிழ் வேளைக்காரப் படையினர் ஏற்றுக்கொண்டதைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு இன்றும் பொலன்னறுவையில் நிற்கிறது. படை தோற்றுத் திரும்பியதும் மக்களும் திரும்பிப் போய்விடவில்லை. கோயிலும் வணிகமும் மொழியும் அங்கேயே வேர்விட்டிருந்தன.

நூதனசாலையில் இருக்கும் சைவ வெண்கலங்களில் முக்கியமானவை, தொல்பொருள் ஆணையாளராக இருந்த எச். சி. பி. பெல் காலத்தில், 1907, 1908 அளவில், பொலன்னறுவை 1ஆம் இலக்கச் சிவ தேவாலயத்தை அகழ்ந்தபோது மண்ணுக்குள்ளிருந்து வந்தவை. 1ஆம் இலக்கம் என்றதும் அதுதான் பழையது என்று நினைக்கவேண்டாம். 2ஆம் இலக்கக் கோயில், சோழ அரசியின் பெயரால் வானவன்மாதேவி ஈஸ்வரம் எனப்பட்டது, அதுதான் சோழர் காலத்தது. 1ஆம் இலக்கம் பாண்டியர் பாணியில், 13ஆம் நூற்றாண்டளவில் எழுந்த கட்டடம். அதாவது சோழர் போய் நூற்றாண்டுகள் கழிந்த பிறகும் அங்கே புதிதாகச் சிவன் கோயில் கட்ட ஆள் இருந்தது, பொருள் இருந்தது.

நடராசரைப் பார்க்கும்போது பிள்ளைகளை முதலில் பீடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே பார்க்க அவர்களுக்கே தெரியும். உடுக்கை, தீ, அபயம் காட்டும் கை, தூக்கிய பாதத்தைச் சுட்டும் கை, காலடியில் முயலகன், சுற்றிலும் திருவாசி. இவற்றை வீட்டுப் படத்தில் பார்த்தே பழகியிருப்பார்கள். பீடத்தில் இருக்கும் துளைகளையும் வளையங்களையும் யாரும் கவனிப்பதில்லை. அவை தண்டு கோக்க, கயிறு கட்ட வைத்தவை. திருவிழாவில் தோளில் ஏறி வீதிக்கு வருவதற்கென்று செய்த எழுந்தருளி விக்கிரகம் அது. மூலத்தானத்தில் லிங்கம் அசையாமல் இருக்கும், ஊரைப் பார்க்க வருபவர் இவர். பொலன்னறுவை வீதிகளில் தேரும் திருவிழாவும் நடந்ததற்கு அந்தத் துளைகளை விட வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

இன்னொன்றும் சொல்லவேண்டும். கோயிலில் இந்த விக்கிரகம் பட்டும் மாலையும் நகையுமாக இருக்கும், அடியவர் கண்டது முகத்தையும் பாதத்தையும்தான். இடையின் வளைவையும், முதுகில் இறங்கும் பூணூலையும், முழங்காலின் மடிப்பையும் செய்த சிற்பிக்கு அதை அதிகம் பேர் பார்க்கப்போவதில்லை என்று தெரியும். தெரிந்தும் ஒரு இடத்திலும் கை ஓயவில்லை. பின்புறம் பார்க்க இடம் இருந்தால் கட்டாயம் பின்னால் போய்ப் பாருங்கள். எனக்கு இந்த வெண்கலங்கள் மீது இருக்கும் மதிப்பில் பாதி பின்புறத்தைப் பார்த்து வந்தது.

எப்படிச் செய்தார்கள் என்று தரம் 8 பிள்ளை நிச்சயம் கேட்கும். முதலில் மெழுகில் முழு உருவத்தையும் செய்வார்கள். நகை, விரல், புருவம் எல்லாம் மெழுகிலேயே வந்துவிடும். அதன்மேல் நைந்த வண்டல் மண்ணை மெல்லிசாகப் பூசி, காயவிட்டு, மேலே மேலே கனமான மண் பூசுவார்கள். பிறகு சூடாக்கினால் மெழுகு உருகி வழிந்துவிடும், உள்ளே அதே வடிவில் வெற்றிடம் நிற்கும். அதற்குள் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். பெரும்பகுதி செம்பு. ஆறியதும் மண்ணை உடைத்து எடுக்கவேண்டும். அச்சு உடைந்துவிடுவதால் ஒன்றைப் போல் இன்னொன்று வராது. தென்னிந்திய மரபில் உள்ளே கூடு விடாமல் கனமாகவே வார்ப்பார்கள். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சுவாமிமலையில் இன்றும் இப்படித்தான் செய்கிறார்கள். இந்தப் பொலன்னறுவை உருவங்கள் சோழநாட்டிலிருந்து கப்பலில் வந்தவையா, இங்கேயே வார்த்தவையா என்று அறிஞர்கள் நெடுங்காலமாக வாதிட்டு வருகிறார்கள். நுணுக்கமாகப் பார்த்தால் முகச்சாயலிலும் உடலமைப்பிலும் தஞ்சாவூர் வெண்கலங்களிலிருந்து வேறுபடுபவை சில உண்டு. இங்கேயே ஒரு பட்டறை இருந்திருக்கும் என்ற பக்கம்தான் என் மனம் சாய்கிறது.

அப்புறம் நாயன்மார்களும் மாணிக்கவாசகரும். எனக்கு நடராசரை விடவும் இவர்கள்தான் நெருக்கம். பிள்ளைகளிடம் பெயர்ப்பலகையை வாசிக்காமல் ஆளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். தோளில் உழவாரம் சாத்திய வயோதிபர் என்றால் அப்பர். குழந்தை என்றால் சம்பந்தர். ஒரு கையில் ஏடும் மறுகையில் உபதேச முத்திரையும் என்றால் மாணிக்கவாசகர், அந்த ஏட்டில் நமசிவாய என்று பொறிப்பது மரபு. மணமகன் கோலத்தில், நகை பூண்டு, வாலிபனாக நிற்பவர் சுந்தரர்.

கொழும்புச் சுந்தரருக்கு முன்னால் மட்டும் அவசரப்படாதீர்கள். கல்யாணப் பந்தலில் மாப்பிள்ளையாக இருந்தவரை, நீ எனக்கு அடிமை என்று ஓலை காட்டி ஒரு கிழவர் தடுக்கிறார். வழக்குப் பேசித் திருவெண்ணெய்நல்லூர் வரை இழுத்துப் போகிறார். அங்கே கிழவர் கோயிலுக்குள் மறைந்ததும்தான் அவர் யார் என்று விளங்குகிறது. பந்தலில் பித்தன் என்று ஏசிய அதே வாயால் பித்தா என்று தொடங்கிப் பாடுகிறார். அந்த விளங்கிய நொடியை இந்தச் சிலையில் காணலாம். முன்னே நீண்ட கைகள், கொஞ்சம் திறந்தது போன்ற இதழ், திகைப்பா மகிழ்ச்சியா என்று பிரிக்க முடியாத முகம். இந்தச் சுந்தரர்தான் மன்னார்த் திருக்கேதீச்சரத்தைப் பாடியவர். சம்பந்தர் அதையும் திருக்கோணமலையையும் பாடினார். இருவரும் கடல் கடந்து வந்ததாக மரபு சொல்வதில்லை, அக்கரையிலிருந்தே பாடினார்கள். அவர்கள் பாடிச் சில நூற்றாண்டுகளில் அவர்களுடைய உருவங்கள் பொலன்னறுவையில் பூசைக்கு எழுந்தருளிவிட்டன. பிள்ளைகளுக்குத் தேவாரம் மனப்பாடம் இருந்தால், சிலைக்கு முன்னால் மெதுவாக ஒரு பாட்டை நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கைகூப்ப மனம் வந்தால் கூப்புங்கள். அவை அதற்காகத்தான் செய்யப்பட்டவை.

இந்த வெண்கலங்களின் அருமையை உலகுக்கு முதலில் எடுத்துச் சொன்னவர்களும் நம்மவர்கள். சேர் பொன்னம்பலம் அருணாசலம் இவற்றையும் சிவ வழிபாட்டின் தத்துவத்தையும் பற்றி விரிவாக எழுதினார். அவருடைய உறவினர் ஆனந்த குமாரசுவாமி 1914இல் கொழும்பு மியூசியத்து வெண்கலங்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். குமாரசுவாமி பிறந்தது இதே கொழும்பில், 1877 ஓகஸ்டில், இந்த நூதனசாலை திறந்த அதே ஆண்டில். நெலும் பொக்குண அரங்குப் பக்கத்து வீதிக்கு அவர் பெயர்தான், ஆனால் பஸ்ஸிலும் ஓட்டோவிலும் கிரீன் பாத் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இந்தச் சிலைகளைத் தொல்பொருள் என்று மட்டும் ஒதுக்கி வைத்திருந்த ஐரோப்பியக் கண்ணுக்கு, இது கலை, இதற்குள் ஒரு சிந்தனை இருக்கிறது என்று விளக்கியதில் குமாரசுவாமிக்குப் பெரிய பங்கு உண்டு.

பொலன்னறுவைக் கல்வேலையில் ஒரு சின்ன விஷயம். வாசற்படியின் அடியில் பதிக்கும் அரைவட்டக் கல்லான சந்திரவட்டக்கல்லை எல்லாப் பிள்ளைகளும் படித்திருப்பார்கள். அனுராதபுரத்தில் அதில் யானை, குதிரை, சிங்கம், எருது நான்கும் ஊர்வலம் போகும். பொலன்னறுவைக்கு வந்ததும் அந்த வரிசையில் எருது காணாமல் போய்விடுகிறது. சைவருக்கு நந்தி புனிதம், அதைக் காலால் மிதிக்கக்கூடாது என்பதால் விட்டார்கள் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். பௌத்த ஆலய வாசற்படியில் சைவர் மனதுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள் என்றால், அது எப்படிப்பட்ட நகரம் என்று யோசித்துப் பாருங்கள்.

யாப்பகூவவிலிருந்து வந்த கல் சாளரம் ஒன்றும் இருக்கிறது. ஒரே பலகைக் கல்லை வட்டம் வட்டமாகத் துளைத்து, ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஆடும் உருவங்களையும் விலங்குகளையும் செதுக்கியிருப்பார்கள். அந்தக் கோட்டை 1284இல் பாண்டியருக்காகப் படை நடத்திவந்த ஆரியச்சக்கரவர்த்தியிடம் விழுந்தது. தந்ததாது பாண்டிநாட்டுக்குப் போனது. பிறகு மூன்றாம் பராக்கிரமபாகு நேரில் போய்ப் பேசி அதை மீட்டு வந்தான் என்று சூளவம்சம் என்ற பழைய பாளி வரலாற்று நூல் சொல்கிறது.

அந்த ஆரியச்சக்கரவர்த்திகளின் கல்லும் இங்கே இருக்கிறது. கேகாலை மாவட்டம் கோட்டகமவில் கிடைத்த தமிழ் வெண்பாக் கல்வெட்டு. சேது என்று தொடங்கும். அது யாழ்ப்பாண அரசரின் அடையாளச் சொல், அவர்களுடைய காசிலும் படுத்திருக்கும் எருதுக்குக் கீழே அதுவே பொறித்திருக்கும். சிங்கைநகர் ஆரியனுக்கு, அதாவது யாழ்ப்பாண அரசனுக்கு, பணியாத மன்னரின் பெண்கள், கண்ணீர் வடித்து, நெற்றித் திலகத்தைத் தங்கள் தாமரைக் கைகளில் பரப்பினார்கள் என்பது பாட்டின் பொருள். போரில் வென்ற பெருமையைச் சொல்ல வந்த பாட்டு, வெற்றியை நேரே சொல்லாமல் தோற்றவர் வீட்டுப் பெண்களின் கண்ணீரைச் சொல்கிறது. புலமையான பாட்டு, ஆனால் இரக்கமில்லாத பாட்டு. 14ஆம் நூற்றாண்டா 15ஆம் நூற்றாண்டா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. தரம் 10 பிள்ளைக்கு இது நல்ல பொருள். வடக்கிலிருந்து கேகாலை வரை ஒரு தமிழரசின் கை எட்டியிருந்ததை ஒரு வெண்பா காட்டுகிறது என்றால், இலக்கியப் பாடமும் வரலாற்றுப் பாடமும் ஒன்றாகிவிடுகின்றன அல்லவா?

இனி எல்லாவற்றிலும் பெரியது, காலி மும்மொழிக் கல்வெட்டு. கூட்டம் அதன் பக்கத்தால் கடந்து போய்விடும், ஏனென்றால் எழுத்துத் தேய்ந்துபோன ஒரு கற்பலகையாகத்தான் தெரியும். அதற்கு முன்னால் நின்று முழுக்கதையையும் சொல்லுங்கள்.

சீன மிங் பேரரசின் யொங்லெ சக்கரவர்த்தி, செங் ஹெ என்ற கடற்படைத் தலைவரை இந்துமாகடலுக்குப் பலமுறை அனுப்பினார். செங் ஹெ பிறப்பால் முஸ்லிம். மூன்றாவது பயணத்துக்குப் புறப்படுமுன்பே, 1409இல், சீனாவிலேயே இந்தக் கல்லைப் பொறித்துக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். மேல்விளிம்பில் இரண்டு சீன நாகங்களைக் காணலாம். வலப்பக்கம் சீனம், இடப்பக்கம் மேலே தமிழ், கீழே பாரசீகம். மூன்றும் ஒன்றின் மொழிபெயர்ப்பு மற்றொன்று இல்லை என்பதுதான் விஷயமே. சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது. தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனையில் இருந்த தென்னாவரை நாயனாருக்கு, அதாவது விஷ்ணுவுக்கு, காணிக்கை சொல்கிறது. பாரசீகப் பகுதி இஸ்லாத்தின் பெயரால் சொல்கிறது. பொன் 1,000, வெள்ளி 5,000, பட்டு, எண்ணெய், விளக்கு என்று மூவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு. யாருக்கும் குறை வைக்கவில்லை.

அப்படியானால் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்று நாம் முழுச் சிங்களப் பகுதி என்று நினைக்கும் தென்கோடியில், சீனச் சக்கரவர்த்தி பேசவேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழ் இருந்தது. துறைமுகத்தின் மொழி, வணிகரின் மொழி, கோயிலின் மொழி. 1344இல் அந்தப் பக்கம் போன இபன் பதூதாவும் தேவேந்திரமுனைக் கோயிலையும் அங்கிருந்த பிராமணர்களையும் ஆடல்மகளிரையும் பற்றி எழுதியிருக்கிறார். அதே பயணத்தில் ஆரியச்சக்கரவர்த்தியைப் புத்தளத்தில் சந்தித்தார், அந்த அரசருக்குப் பாரசீகம் விளங்கியது என்றும் சொல்கிறார். அந்தக் கோயிலை 1588இல் போர்த்துக்கேயர் இடித்தார்கள்.

ஆனால் காணிக்கைக் கல்லோடு வந்தவர்கள் பக்திமான்களாக மட்டும் வந்தார்கள் என்று பிள்ளைகள் நினைத்துவிடக்கூடாது. 1411இல் செங் ஹெ இங்கே அதிகாரத்தில் இருந்த அழகேசுவரனோடு போர் செய்து, அவனைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனார். கல்லும் வாளும் ஒரே கப்பல்களில்தான் வந்தன. பிறகு கல் மறந்துபோனது. 1911இல் காலியில் ஒரு மதகின் மூடுகல்லாக, எழுத்துப் பக்கம் கீழே கவிழ்ந்து கிடந்ததை ஒரு பொறியியலாளர் கண்டெடுத்தார். கவிழ்ந்து கிடந்ததால்தான் இவ்வளவாவது மிஞ்சியது. பிள்ளைகளின் கண் கூர்மையானது, தமிழ்ப் பகுதியில் ஏதாவது எழுத்தைக் கண்டுபிடிக்கிறார்களா என்று பாருங்கள். க, த, ப போன்றவை இன்றைய வடிவிலிருந்து அதிகம் மாறவில்லை.

மேல்மாடியில் நாணயங்கள் இருந்தால் அவற்றுக்கு ஒரு பத்து நிமிடம். இராசராசனின் செப்புக் காசையும் முதலாம் பராக்கிரமபாகுவின் காசையும் தேடிப் பக்கத்தில் பக்கத்தில் பாருங்கள். ஒரு பக்கம் நிற்கும் அரசன், மறுபக்கம் உட்கார்ந்திருக்கும் உருவமும் நாகரி எழுத்தில் பெயரும். பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று சொல்வது கடினம். இந்த வடிவம் முதலில் ஈழத்துப் பொற்காசில் இருந்தது, அதைத்தான் இராசராசன் எடுத்துக்கொண்டான் என்பது நாணய ஆய்வாளர் பலருடைய கருத்து. சோழர் கல்வெட்டுகளிலும் ஈழக்காசு வருகிறது. பெண்பிள்ளை இருந்தால் லீலாவதியின் காசையும் காட்டுங்கள். பொலன்னறுவையில் மூன்று முறை அரியணை ஏறிய அரசி, காசில் தன் பெயரைப் பொறித்தவள்.

கண்டி அரசரின் சிம்மாசனத்தைப் பிள்ளைகள் எப்படியும் பார்க்காமல் வரமாட்டார்கள். அது இடைக்காலம் தாண்டியது, 1693இல் ஒல்லாந்தத் தேசாதிபதி இரண்டாம் விமலதர்மசூரியனுக்குக் கொடுத்தது. 1815இல் ஆங்கிலேயர் கொண்டுபோய், 1934இல் திருப்பிக் கொடுத்தார்கள். 1765இல் ஒல்லாந்தர் கண்டியில் கொள்ளையடித்த பொன்னும் வெள்ளியும் பதித்த சிறு பீரங்கியும் வாள்களும் 2023இல்தான் திரும்பி வந்தன. பார்த்துவிட்டு நகருங்கள்.

கொஞ்சம் சில்லறை விஷயங்கள். பெயர்ப்பலகைகள் மூன்று மொழியிலும் உண்டு, ஆனால் சுருக்கமாகத்தான் இருக்கும். அதனால் போகுமுதல் நாள் இரவு சுந்தரர் கதையையும் செங் ஹெ கதையையும் வீட்டிலேயே சொல்லி வைத்துவிடுங்கள். கதை தெரிந்த பிள்ளை தானாகவே பொருளைத் தேடும். படம் எடுப்பதற்கு என்ன விதி என்று வாசலில் கேளுங்கள், ஃபிளாஷ் மட்டும் வேண்டாம். கைத்தொலைபேசியை விட ஒரு கொப்பியும் பென்சிலும் நல்லது. ஒரு கையை, ஒரு பீடத்தை வரையச் சொன்னால் பத்து நிமிடம் அசையாமல் நிற்பார்கள், அந்தப் பத்து நிமிடத்தில் கண் கற்றுக்கொள்வது அதிகம். நடுவில் களைத்தால் வெளியே மரநிழலில் உட்காரலாம், எதிரே விகாரமகாதேவி பூங்காவும் இருக்கிறது.

பிற்பகலில் தெம்பு இருந்தால் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக் குளித்துவிட்டு, மாலைப் பூசை நேரத்தில் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரத்துக்குப் போங்கள். அருணாசலத்தின் தந்தையார் பொன்னம்பல முதலியார் 1857இல் கட்டிய கோயில் அது. பின்னர் அண்ணன் இராமநாதன் அதை முழுக்கக் கருங்கல்லில் திருப்பணி செய்தார். பெல் பொலன்னறுவையில் அகழ்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் இங்கே கல் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். காலையில் ஆடையில்லாமல் கண்ட நடராசரை மாலையில் பட்டும் மாலையும் தீபமுமாகப் பார்த்தால், மியூசியத்தில் நான் சொன்னது பிள்ளைகளுக்கு விளக்கம் இல்லாமலே புரியும். மார்கழியில் திருவாதிரைக்கு அங்கே போக முடிந்தால் இன்னும் நல்லது, உற்சவமூர்த்தி எப்படித் தோளில் ஏறுகிறார் என்பதை நேரிலேயே பார்க்கலாம்.

அடுத்த விடுமுறைக்குப் பொலன்னறுவை போவதாக இருந்தால், அங்கேயுள்ள நூதனசாலையை விட்டுவிடாதீர்கள். 1960இல் 5ஆம் இலக்கச் சிவ தேவாலயத்தில் கிடைத்த வெண்கலங்களில் சில அங்கே இருக்கின்றன. முதலில் நூதனசாலை, பிறகு 1ஆம் இலக்கக் கோயில், அதன் பிறகு வானவன்மாதேவி ஈஸ்வரம் என்ற வரிசையில் போங்கள். கடைசிக் கோயிலின் சுவரில் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது, வெயில் சாயும் நேரத்தில் எழுத்து நன்றாகத் தெரியும்.